ஐஸ்கிரீமில் உயிர் இருக்கிறதா?

மணிநகரில் எங்கள் எதிர் வீட்டு மாமி, போன மே மாதம் ஒரு மாலை, கையில் ஐஸ்கிரீம் டப்பாவுடன் வந்து நின்றார். பேரனுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததில் வயிற்றுப்போக்கு. டாக்டர் தயிர் கொடுக்கச் சொன்னாராம். பையனோ தயிரைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான்.

"இதில் ப்ரோபயாடிக்னு போட்டிருக்கே, கொடுக்கலாமா? நீங்க பால் பண்ணை லேப்ல இருந்தவராச்சே!"

சின்னக் கேள்விதான். பதில்தான் சின்னதில்லை.

ப்ரோபயாடிக் என்றால் உடலுக்கு நன்மை செய்யும், உயிருள்ள பாக்டீரியா. நமக்குப் பக்கத்திலுள்ள ஆனந்திலிருந்து அமுல் 2007-இல் இத்தகைய ஐஸ்கிரீமை அறிமுகப்படுத்தியபோது, "குளிரில் செத்துப் போகாதோ?" என்று கேட்காதவர் இல்லை. கொஞ்சம் சாகத்தான் செய்யும். உறையும்போது பனித்துகள்கள் செல்களைக் கிழிக்கும். கடையும்போது புகும் காற்றும் சிலவற்றுக்கு ஆகாது. மிஞ்சியவை மைனஸ் 18 டிகிரியில் உறங்கிக் கிடக்கும். தயிரைப் போல் புளிப்பு இல்லாததும் அவற்றுக்குச் சௌகரியம்தான்.

நிஜமான கண்டம் நாம் விழுங்கிய பிறகுதான். வெறும் வயிற்றின் அமிலம் எலுமிச்சைச் சாற்றுக்கு இளைத்ததல்ல. பாலின் புரதம் அதன் வேகத்தைத் தணிக்கும், கொழுப்பும் ஓரளவு போர்வையாகும். இதில் தப்பினாலும் சிறுகுடலில் பித்தநீர் காத்திருக்கிறது. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோல் அது பாக்டீரியாவின் மேலுறையைக் கரைத்துவிடும். நம் வீட்டுத் தயிரின் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இங்கேயே மடிந்துவிடும். ஆனாலும் அவற்றின் என்சைம் பால் சர்க்கரையை ஜீரணிக்க உதவிவிட்டுத்தான் போகிறது. ப்ரோபயாடிக்குக்கென்று பொறுக்கி எடுத்த ரகங்கள் சற்றுத் தாக்குப்பிடிக்கும். வழியில் இத்தனை இழப்பு இருப்பதால்தான், ஒரு நாளைக்கு உண்ணும் அளவில் 10 கோடிக்குக் குறையாமல் உயிருள்ளவை இருக்க வேண்டும் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் 2016-இல் வகுத்தன.

இவ்வளவையும் சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். பல்லில் நறநறவென்றது.

"மாமி, இது உருகி மறுபடி உறைஞ்சிருக்கே?"

நரோடாவில் மகள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தாராம், அகமதாபாத் மே வெயிலில்! உருகி உறையும் ஒவ்வொரு தடவையும் பாக்டீரியாக் கூட்டம் குறையும். போதாக்குறைக்கு, ஐஸ்கிரீமில் உள்ள சர்க்கரை வயிற்றுப்போக்கை அதிகமாக்கலாம்.

"முதலில் ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் கொடுங்க. தயிரை வாழைப்பழத்தோடு பிசைஞ்சு பாருங்க. நாளைக்கும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போயிடணும். ஆன்டிபயாடிக்கை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. அது விழுங்கி ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தயிர் கொடுங்க. சேர்ந்து போனால் மருந்து நல்லதையும் சேர்த்துக் கொன்னுடும்."

"அப்போ கொடுத்த காசு தண்டமா?" மாமிக்கு முகம் வாடிவிட்டது.

மறுநாள் காலை பையன் வாழைப்பழத் தயிர் ஒரு கிண்ணம் சாப்பிட்டான் என்று வந்து சொன்னார். டப்பாவை நானும் மாமியும் மொட்டை மாடியில் உட்கார்ந்து காலி செய்தோம்.