கஸு இன்னும் ஓய்வு பெறவில்லை
இன்னும் ஓடுகிறவர்கள் – 9

ஜனவரி 11, காலை 11 மணி 11 நிமிடம். ஜப்பானின் யோகோஹாமா எஃப்.சி. கால்பந்துக் குழு பல ஆண்டுகள் சரியாக இந்த நேரத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டு வந்தது: எங்கள் 11ஆம் எண் வீரர் கஸுயோஷி மியூராவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்த அறிவிப்பு நிற்கவில்லை.

ரசிகர்களுக்கு அவர் ‘கஸு’. 1967இல் ஷிஸுவோகாவில் பிறந்தவர். பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு, தனியாளாகப் பிரேசிலுக்கு விமானம் ஏறினார். அன்று ஜப்பானில் தொழில்முறை லீக் என்று ஒன்றே கிடையாது. 1986இல், பெலே ஆடிய சாண்டோஸ் குழு அவரை எடுத்துக்கொண்டது. 1993இல் ஜே லீக் பிறந்தபோது முதல் ஆண்டின் சிறந்த வீரர் அவர்தான்.

இதோடு நிறுத்தினால் வழக்கமான வெற்றிக் கதை. எனக்கு இதற்குப் பிறகு நடந்ததில்தான் ஆர்வம்.

1993 அக்டோபர் 28, தோஹா. இராக்கை வென்றால் ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போகும். முதல் கோல் கஸுவுடையது. 2-1 என முன்னிலை. கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இராக்குக்கு ஒரு கார்னர். பந்தோடு வந்தவரைத் தடுக்கக் காலை நீட்டியவரும் கஸுதான். பந்து அவரைத் தாண்டிப் பறந்தது. இராக் வீரரின் தலையில் பட்டுக் கோலானது. உலகக் கோப்பை கைநழுவியது.

அடுத்த தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார். ஜப்பான் 1998 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஸ்விட்சர்லாந்து பயிற்சி முகாம் வரை போனார். அங்கே பயிற்சியாளர் தக்கேஷி ஒக்காடா கழித்துவிட்ட மூவரில் அவரும் ஒருவர். தகுதிச் சுற்றின் பிற்பகுதியில் கஸுவின் கோல்கள் வறண்டுபோயிருந்தன. அதனால் ஒக்காடாவைத் திட்டவும் மனம் வரவில்லை. ஜப்பான் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது, அது வேறு விஷயம்.

அப்போது வயது 31. வர்ணனையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. 2012இல், 45 வயதில், ஃபுட்சால் உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு ஆடினார். உலகக் கோப்பைதான், ஆனால் உள்ளரங்கில், அணிக்கு ஐவர்! 2017 மார்ச்சில் 50 வயது 14 நாளில் கோல் போட்டு, இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். 2020இல், 53 வயதில், ஜே லீக் முதல் பிரிவு ஆட்டமொன்றில் தலைவராகக் களமிறங்கினார். 2024இல் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் நான்காம் நிலை லீக்கில் ஆடும் சுஸுகா குழுவின் மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் விளம்பரம் என்பவர்கள் உண்டு. பல பருவங்களில் அவர் ஆடியது சில நிமிடங்கள்தான். அந்த இடத்தில் ஓர் இளைஞன் ஆடியிருக்கலாம். நியாயமான கேள்வி. அவர் பெயருக்காகக் கூட்டம் வருகிறது, சட்டை விற்கிறது, சிறு குழுக்களுக்கு அது பிழைப்பு. ஆனால் விற்பனைக்கு ஒரு பெயர் போதும். அந்த வயதில் உணவைக் கட்டுப்படுத்தி, உடலை வருத்தி, பதினெட்டு வயதுப் பையன்களுக்குச் சமமாகத் தினமும் ஓட வேண்டிய அவசியம் பெயருக்கு இல்லை.

ஜெயித்தவர்களின் கதையை நாம் முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறோம். அதனால் அவர்களுடைய ஒவ்வொரு தோல்வியும் படிக்கட்டாகிவிடுகிறது. கஸுவின் 1993க்கும் 1998க்கும் அப்படி ஓர் ஆறுதல் வாய்க்கவில்லை. வாய்க்கப்போவதுமில்லை என்றே நினைக்கிறேன். இந்தத் தொடரில் கோப்பை வாங்கியவர்களை விட்டுவிட்டு இவரைப் போன்றவர்களைத் தேடுவது அதனால்தான்.

ஐந்தாம் முறையாகப் போட்டித் தேர்வு எழுதுகிறவரோ, அறுபதில் வயலின் கற்கிறவரோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். முடிவு தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

(தொடரும்)