என்ஜின் ஹெட்டில் கை வைக்கும் முன்

புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றிச் சந்தைக்கு வரும் பைக்கானாலும் சரி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறும் பைக்கானாலும் சரி, மெக்கானிக்கிடம் சொல்லப்படும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பிக்கப்பே இல்ல." அதற்குச் சில பட்டறைகளில் கிடைக்கும் பதில்: "ஹெட்ட இறக்கிப் போர்ட்டிங், பாலிஷிங் பண்ணிரலாம் தம்பி." இந்த வேலைக்குச் சம்மதிக்கும் முன் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தேய்த்தெடுத்த உலோகம் திரும்பி வராது.

ஹெட்டுக்குள் காற்றும் பெட்ரோலும் நுழைய ஒரு வழி, எரிந்த புகை வெளியேற ஒரு வழி இருக்கின்றன. வார்ப்பில் உருவாவதால் இவற்றின் உட்சுவர் சொரசொரப்பாக இருக்கும். கிரைண்டரால் அதைத் தேய்த்து வடிவத்தை மாற்றுவது போர்ட்டிங், வழவழப்பாக்குவது பாலிஷிங். இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிப்பாளையம் போன்ற பந்தயத் தடங்களில் இந்த வேலைக்கு நியாயமான இடம் உண்டு. பந்தய என்ஜின் ஏறக்குறைய முழு நேரமும் உச்ச வேகத்தில் சுற்றும். காற்று எவ்வளவு பாய்கிறது என்று கருவியில் அளந்து அளந்து அதன் ஹெட்டைச் செதுக்குவார்கள்.

மூட்டை ஏற்றும் வண்டியின் தேவை நேர்மாறானது. அதற்குக் குறைந்த சுழற்சியிலேயே இழுவை வேண்டும். வழியை அளவுக்கு மீறி அகலப்படுத்தினால் காற்றின் வேகம் குறைந்து, கீழ் கியரில் இருந்த இழுவையும் போய்விடும். கண்ணாடிபோல் பளபளப்பது நல்ல வேலைக்கு அடையாளமும் அல்ல. புகை வெளியேறும் வழியை வழவழப்பாக்கினால் கரி படிவது குறையும். கார்புரேட்டர் வண்டியின் உள்வரும் வழியில் அதையே செய்தால், பெட்ரோல் துளிகள் காற்றில் கலக்காமல் சுவரில் படிந்து வழிய வாய்ப்புண்டு.

கிரைண்டர் முனை சறுக்கி வால்வு சீட்டில் ஒரு கீறல் விழுந்தாலே கம்ப்ரஷன் கசியும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. தண்ணீரால் குளிரும் கார் ஹெட்டில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிறது. சுவர் மெலிந்து உடைந்தால் கூலன்ட் என்ஜினுக்குள் இறங்கும். தேய்த்த தூளைச் சரியாகக் கழுவாமல் பூட்டினால் பிஸ்டனும் சிலிண்டரின் உட்சுவரும் கீறிப்போகும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெட்ரோலின் அளவைக் கணினிப் பெட்டி தீர்மானிக்கிறது. காற்று வழியை மட்டும் மாற்றினால் கலவை பிசகி, என்ஜின் சூடேறலாம், எச்சரிக்கை விளக்கும் எரியலாம். வாரன்டி காலம் முடியாமல் இருந்தால் அதையும் இழக்க நேரும்.

ஆர்எக்ஸ் 100 பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அது டூ ஸ்ட்ரோக் வண்டி; அந்த என்ஜினின் ஹெட்டில் வால்வே கிடையாது. அதன் போர்ட்டுகள் சிலிண்டர் சுவரில் இருக்கின்றன. அந்த வண்டிக்கு "ஹெட் போர்ட்டிங்" என்று ஒருவர் பணம் கேட்டால், வண்டியை அவரிடம் விடாதீர்கள்.

பழகிய வண்டியில் பிக்கப் குறைந்தால் பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், பிசகிய டாப்பெட் இடைவெளி, வால்வில் படிந்த கரி. முதலில் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். கரி நீக்கி வால்வு லேப்பிங் செய்வது பராமரிப்பு வேலை. அதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்சி விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உள்ளே தேய்த்திருப்பது சாலைச் சோதனையில் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் அதோடு சேர்த்து விற்கப்படும் பெரிய போர் கிட், சத்தமிடும் சைலன்சர், கழற்றி எறியப்படும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஆகியவை மாட்டிவிடும். புகை, ஒலி விதிகளை மீறினால் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் உரிமத் தடையும் வரலாம்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை அவர்கள் மறுக்கக் காரணமாகலாம். மறுப்பு நியாயமற்றது என்று கருதினால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையென்றால், சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

பட்டறை வேலையே கெட்டுப்போனால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி அது சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான். லோடு வண்டியைத் தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவரும் நுகர்வோர்தான், தயங்க வேண்டாம். என்ன வேலை, எவ்வளவு கூலி, கெட்டால் யார் பொறுப்பு என்பதை முன்பே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஹெட்டை இறக்கியதும் படம் எடுங்கள். பணத்தை யுபிஐயில் செலுத்துங்கள். கெட்ட ஹெட்டை விற்றுவிடாமல் வைத்திருந்து, வேறொரு மெக்கானிக்கிடம் பழுதை எழுதி வாங்குங்கள். வழக்கில் வலுவான சாட்சி அதுதான்.

கூலித் தகராறில் வண்டியைப் பிடித்து வைத்தால் சண்டை போடாதீர்கள். ஒப்புக்கொண்ட வேலையைச் சரியாக முடித்தவருக்குக் கூலி வரும்வரை பொருளை வைத்திருக்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் உரிமை தருகிறது. ஆட்சேபத்துடன் செலுத்துவதாக எழுதிக் கொடுத்து வண்டியை எடுத்துவிட்டு, பிறகு இழப்பீடு கேட்பதே நல்லது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் உங்கள் வசிப்பிடத்துக்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்துக்கு மனு போய்ச் சேர வேண்டும்.