ஆற்றுப்படுத்துவோரும் அறநெறியும்

துன்புற்றோர் பிறரை நாடிச் செல்வதும், நாடப்பட்டோர் அவர்க்கு ஆறுதல் கூறுவதும் மனித குலத்தின் தொன்மையான வழக்கங்களாகும். முன்னாளிற் கோயிற் குருக்களும், விகாரைப் பிக்குவும், தேவாலயத்துப் போதகரும், பள்ளிவாசல் இமாமும், ஊர்ப் பெரியவரும் ஆற்றிவந்த இப்பணியை, இன்று 'உளவளத்துணை' என்னும் பெயரால் பயிற்சி பெற்றோர் ஏற்றுள்ளனர். பணி கைமாறியபோது அதனோடு ஒட்டியிருந்த அறமும் சமயமும் என்னவாயின? அவற்றை வாசலிலே விட்டுவருமாறு துணை நாடி வருவோரைக் கேட்கலாமா? துணை செய்வோர் தமது சமயத்தையும் ஒழுக்கக் கொள்கையையும் உடன்கொண்டு வரலாமா? இவை ஏட்டளவில் நிற்கும் வினாக்கள் அல்ல. மனமுடைந்த ஒருவர் வாழ்வதும் மாய்வதும் சில வேளைகளில் இவற்றுக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்துள்ளன.

நடுநிலை என்பது உண்டா?

சென்ற நூற்றாண்டின் உளவியலாளர் பலர் சமயத்தை ஐயத்துடனேயே நோக்கினர். வியன்னா நகரின் சிக்மண்ட் புறொய்ட் 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் சமய நம்பிக்கையை ஒரு மாயை என்றார். அவருடைய நெடுநாள் நண்பரும், சூரிச் நகரத்துப் போதகருமாகிய ஒஸ்கார் பிஸ்ரர் மறு ஆண்டிலேயே அதற்கு மறுப்பு எழுதினார். ஆயினும் நட்பு முறியவில்லை. அமெரிக்கரான கார்ல் றொஜர்ஸ் 1924ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் இறையியற் கல்லூரியொன்றிற் சேர்ந்து, ஈராண்டின் பின் அதனை நீங்கி உளவியல் பயின்றவர். துணை நாடி வருபவரைத் தீர்ப்பிடாது ஏற்பதும், அவர் கூறுவதை அவர் நிலையினின்று உணர்வதும் அவர் வகுத்த முறையின் அடித்தளங்களாம்.

எனினும், தீர்ப்பிடாமை என்பதும் ஓர் அறநெறியே அன்றோ? ஒவ்வொரு மனிதரும் மதிப்புக்குரியவர் என்று நம்பாத ஒருவரால் எவரையும் அவ்வாறு ஏற்றல் இயலாது. 1980ஆம் ஆண்டில் அலன் பேர்கின் என்ற அமெரிக்க உளவியலாளர் இதனை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். உளச்சிகிச்சை விழுமியங்களினின்று விலகி நிற்பதில்லை. ஆதலின் அவற்றை மறைத்தலினும் ஒப்புக்கொள்ளுதலே நேர்மை என்பது அவர் வாதம். நாத்திகரான அல்பேட் எலிஸ் அதே ஆண்டில் அவருக்குக் கடுமையாக மறுமொழி கூறினார். தீவிர சமயப்பற்று உளநலக் கேட்டோடு தொடர்புடையது என்பது அவர் கொள்கை. அத்தகைய எலிஸ், 2001ஆம் ஆண்டில், சமயப் பற்றுடையோருக்கு அவர்தம் நம்பிக்கையைத் துணையாகக் கொண்டே சிகிச்சை அளிக்கும் முறையை விளக்கும் நூலொன்றை வேறிருவருடன் சேர்ந்து எழுதினார் என்பது கருதத்தக்கது. அவர் நாத்திகராகவே இருந்தார். ஆயினும் பிறருடைய நம்பிக்கை அவர்க்கு உதவும் வலிமையாகலாம் என்பதை ஏற்றார்.

ஒரு குருவானவர் கண்ட வழி

நூல்களில் நிகழ்ந்த இவ்விவாதத்துக்கு வாழ்க்கையில் விடை கண்டவர் ஒருவர் உளர். அவரே இங்கிலாந்தின் சாட் வாறா என்னும் அங்கிலிக்கன் குருவானவர். 1935ஆம் ஆண்டிலே, லிங்கன் நகரில் இளங் குருவாக இருந்த காலத்தில், தன்னுயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சிறுமியின் நல்லடக்கத்தை அவர் நடத்த நேர்ந்தது. அப்பேதைப் பெண் பூப்பெய்தியிருந்தாள். அது இன்னதென எடுத்துரைப்பார் எவரும் இல்லாமையால், இழிந்த நோயொன்று தன்னைப் பற்றிக்கொண்டதென அஞ்சி இறந்தாள். நாணம் என்றும் ஒழுக்கம் என்றும் பெயர் சூட்டிப் பெரியோர் காத்த மௌனமே அவளைக் கொன்றது. அவள் மனம்விட்டுக் கேட்கத்தக்க ஒருவர் இருந்திருப்பின் அவள் வாழ்ந்திருப்பாள் என்ற எண்ணம் வாறாவின் உள்ளத்தை விட்டகலவில்லை.

பதினெட்டு ஆண்டுகளின் பின், 1953ஆம் ஆண்டு நவம்பரில், இலண்டன் மாநகரிலுள்ள தமது தேவாலயத்தில், சாவை எண்ணுவோர் அழைத்துப் பேசுவதற்கென ஒரு தொலைபேசியை அவர் ஒதுக்கினார். தற்கொலை முயற்சி இங்கிலாந்திற் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. அச்சட்டம் 1961ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. நேரில் வந்தோர் குருவானவரைக் காணக் காத்திருந்த வேளையில், தொண்டர்கள் தேநீர் அளித்து அவர்களோடு அமர்ந்திருந்தனர். அப்போது வியப்பானதொன்று நிகழ்ந்தது. தொண்டரிடம் மனம் திறந்து பேசிய பலர், குருவானவரைக் காண வேண்டிய தேவையின்றியே ஆறுதலடைந்து திரும்பினர். இதனைக் கண்ட வாறா, 1954ஆம் ஆண்டு பெப்ரவரியில் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார்.

பத்திரிகையொன்று அவர்களுக்குச் 'சமாரியர்' என்ற பெயரை வழங்கியது. விவிலியக் கதையில் வரும் நல்ல சமாரியன், வழியிற் காயமுற்றுக் கிடந்தவனின் குலத்தையும் மதத்தையும் வினவாது புண்ணைக் கட்டியவன். பெயர் சமயத்தினின்று வந்தது. விதியோ, அழைப்போரிடம் சமயம் போதித்தல் ஆகாது என்பது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. வாறாவைத் தொலைபேசியின் அருகே அமர்த்தியது அவருடைய சமயம். அழைத்தவர் பேசும்போது அவரைக் கேட்கச் செய்ததும் அதுவே. சமயம் அவர் நடத்தையில் விளங்கியது. நாவில் வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

மருந்தாவதும் சுமையாவதும்

துணை நாடி வருபவரின் சமயத்தைப் பற்றியோ வேறொரு கவனம் வேண்டும். கென்னத் பாகமென்ட் முதலிய அமெரிக்க ஆய்வாளர் நோயுற்ற முதியோர் பலரை ஈராண்டுகள் கவனித்து, 2001ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். கடவுள் தம்மைக் கைவிட்டார் என்றோ, தம்மீது அவருக்கு அன்பில்லை என்றோ எண்ணி வருந்தியோரிடையே இறப்பு ஓரளவு மிகுந்திருந்தமை அதிற் புலனாயிற்று. நம்பிக்கை தாங்கவும் செய்யும், தளர்த்தவும் செய்யும் என்பதை இது காட்டுகின்றது.

நம்மவரிடையே இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி "எல்லாம் வினைப்பயன்" என்கிறாள் எனக் கொள்வோம். 'நிகழ்ந்தது எவர் கையிலும் இல்லை' என்ற அமைதி அச்சொல்லில் இருக்கலாம். 'என் பாவமே பிள்ளையைக் கொன்றது' என்ற வேதனையும் இருக்கலாம். வினை என்பதே பொய் என்பவர் முதலாமவளின் ஊன்றுகோலைப் பறிக்கின்றார். வினைதான் என்று தலையசைப்பவர் இரண்டாமவளின் சுமையைக் கூட்டுகின்றார். அச்சொல் அவளுக்கு யாது பொருள் தருகின்றது என்று கேட்டறிபவரே துணைவராவார்.

போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற பின்னரும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் படும் துயர் இதனினும் கடியது. கணவன் உளனோ இலனோ என அறியாத மனைவிக்கு, நெற்றித் திலகத்தை அழிப்பதும் அந்தியேட்டி செய்விப்பதும் அவனைத் தன் கையாலேயே இறந்தவனாக்குவது போலத் தோன்றும். "கிரியையைச் செய்து மனந்தேறுக" என வற்புறுத்தவோ, அவள் ஏற்றும் விளக்கை வீண் நம்பிக்கை என இகழவோ எவர்க்கும் உரிமையில்லை. காலம் வரும்போது தீர்மானிக்க வேண்டியவள் அவளே. அதுவரை உடனிருத்தலே துணைவரின் கடன்.

எனின், எல்லாவற்றையும் கேட்டு வாளாவிருப்பதுதான் அறமோ? அன்று. கணவனால் அடிபடும் பெண்ணொருத்தி, பொறுத்திருத்தலே தன் தர்மம் என்று கூறுமிடத்து மௌனம் குற்றமாகும். 2005ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிறைவேறிய வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பு உண்டென்கிறது. அதனை அவளுக்கு அறிவிப்பதும், அவள் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தை ஒளிவின்றிக் கூறுவதும் கடமையாகும். அவளுடைய சமயமும் பொறுமையை மட்டும் போதிப்பதன்று. அநீதியைக் கண்டித்த குரல் எல்லாச் சமயங்களிலும் உண்டு. அதனை அவளே நினைவுகூர இடமளித்தல் நலம்.

ஆற்றுப்படை கூறும் நெறி

இலண்டனில் எழுந்த அம்முயற்சியின் வழியிலே 1974ஆம் ஆண்டில் இலங்கையிலும் 'சுமித்திரயோ' என்னும் அமைப்புத் தோன்றியது. நன்னண்பர் என்பது அப்பெயரின் பொருள். தற்கொலைக்கு முயன்றோரைக் குற்றவாளிகளாகக் கொண்ட சட்டம் இங்கு 1998ஆம் ஆண்டிலேதான் நீங்கியது. சட்டம் தண்டிக்க நினைத்த காலத்திலேயே நண்பராயிருக்க முன்வந்தோரின் செயலை அறம் என்னாது வேறென்னென்பது?

தமிழர் இப்பணிக்கு 'ஆற்றுப்படுத்தல்' என்ற பெயரையும் வழங்குகின்றனர். பொருத்தமான பெயர் அது. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படை நூல்களில், பரிசில் பெற்று மீள்பவன் வறுமையுற்று எதிர்ப்படுபவனுக்கு வழி கூறுகின்றான். செல்லும் வழியின் அருமையையும், இடையிற் கிடைக்கும் உணவையும், தங்குமிடத்தையும் தான் அறிந்தவாறே உரைக்கின்றான். முருகனிடத்து ஆற்றுப்படுத்தும் நூலும் அவற்றுள் ஒன்று. ஆயினும் நடக்க வேண்டியவன் கேட்டவனே. கூறுபவன் பொய் கூறாதிருத்தலும், எதிர்ப்பட்டவனின் வறுமையை இகழாதிருத்தலும், தான் பெற்றதைத் தனக்கென மறைக்காதிருத்தலுமே அவனுக்குரிய அறங்கள்.

உளவளத்துணைக்கும் இந்நெறியே ஏற்றது. துணை செய்வோரின் அறமும் சமயமும் அவர்தம் பொறுமையிலும், இரகசியம் காத்தலிலும், வாய்மையிலும் விளங்குக. துணை நாடி வருவோரின் அறமும் சமயமும் அவர் நடக்கும் பாதையாகுக. நம் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் இப்பணிக்கு இளைஞரைப் பயிற்றுவோர், உளவியலோடு இவ்வேறுபாட்டையும் கற்பிப்பாராயின், லிங்கன் நகரத்துச் சிறுமியைப் போன்று கேட்க ஆளின்றித் தவிக்கும் நம் பிள்ளைகள் சிலரேனும் காக்கப்படுவர்.