கரையோர நாற்காலிகள் – 9: தோணியில் போன தண்ணீர்

1544 செப்டம்பர். ஆலந்தலையில் இருந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தூத்துக்குடியிலிருந்து கெட்ட செய்தி வந்தது. போர்த்துக்கீசியக் கப்பித்தான் கொஸ்மே தெ பைவாவின் கப்பலும் கரையிலிருந்த வீடுகளும் தீக்கிரை. இருந்ததெல்லாம் கொள்ளை போய், ஆள் தீவுகளில் ஒதுங்கிக் கிடக்கிறார். சுற்றிலும் கடல், குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. புன்னைக்காயல் ஆட்களைத் திரட்டித் தோணிகளில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு உடனே போகும்படி, தம் தோழர் மன்சிலாசுக்குச் சவேரியார் எழுதினார்.

அந்தக் கப்பித்தான் நல்லவராக இருந்திருந்தால் இதில் சொல்ல ஒன்றுமில்லை. முத்துக்கரைப் பரதவர்களுக்கு அவர் இழைத்த அநியாயங்களைச் சவேரியாரே கசந்து கசந்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரின் தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான், அவரால் நொந்துபோன மக்களின் தோணிகளையே சவேரியார் கேட்டார்.

நானூற்றெழுபது ஆண்டு தாண்டி இந்தக் கதையை எடுப்பதற்குக் காரணம் ஒரு நாற்காலி. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சி மன்றக் கூட்டத்தில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பட்டியலினப் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார்; மற்றவர்கள் நாற்காலியில். படம் வெளியானபின் வழக்குப் பதிவானது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், சுதந்திர தினக் கொடியை ஏற்றவிடாமல் இன்னொரு பெண் தலைவர் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியரே ஊருக்கு வந்து, அவரைக் கொண்டே கொடியேற்ற வைத்தார்.

சட்டம் பதவியைத் தந்துவிட்டது. 1992இல் நிறைவேறிய 73, 74ஆம் அரசியல் சாசனத் திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அந்த உரிமையை எழுதிவைத்துவிட்டன. பக்கத்தில் உட்காரும் மனிதரை மதிக்கிற பழக்கத்தை எந்தத் திருத்தம் தரும்? மாமன்றக் கூட்டங்களில் கூச்சலும் வெளிநடப்புமாகப் பொழுது கழிகிற நாள்களில், தெருக்குழாயைப் பற்றிப் பேச வந்த உறுப்பினரின் குரல் யார் காதில் விழும்?

புன்னைக்காயலில் இந்தக் கேள்வி பழையது. அன்று ஊர்களைப் பட்டங்கட்டிகள் நிர்வகித்தார்கள். மேலே சாதித் தலைவர். அதற்கும் மேலே வரி வாங்கும் கப்பித்தான். முத்துக்குளிப்பில் உழைத்த பணத்திலிருந்து போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்றே ஆண்டுக்கு 4,000 பணம் போனது. அதை உபதேசியார்களின் சம்பளத்துக்கு விட்டுத்தரும்படி சவேரியார் அரசியிடம் கேட்டார். முன்கோபக்காரரான மன்சிலாசுக்கு, இந்த மக்களிடம் பொறுமையாக, அன்பாக நடந்துகொள்ளும்படி திரும்பத் திரும்ப எழுதினார். சவேரியாரும் எப்போதும் சாந்தமாக இருந்தவரல்லர். புன்னைக்காயலில் சாராயம் குடிப்பதைக் கேள்விப்பட்டபோது பட்டங்கட்டிகளையே மிரட்டியிருக்கிறார். அதையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கஸ் (அண்டிரிக் அடிகளார்) செய்தது இன்னும் பெரிய மரியாதை. மக்களின் மொழியைக் கற்றார், அதற்கு இலக்கணம் எழுதினார். அரை நூற்றாண்டுக்கும் மேல் இந்தக் கரையிலேயே வாழ்ந்து 1600இல் மறைந்தார். அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586இல் புன்னைக்காயலில் அச்சானதாகவே ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். ஆள வந்தவர்கள் துபாஷியின் வாய் வழியே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பரதவர் தம் குறையை நேராகச் சொல்ல முடிந்தது என்றால் அது சாதாரணமா?

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். அதே பரதவர் குலத்தில் பிறந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, 1909க்கும் 1927க்கும் இடையே தூத்துக்குடி நகராட்சித் தலைவராக ஐந்து முறை இருந்தார். துறைமுகமும் பஞ்சாலையும் உப்பளமும் கொழித்த ஊரில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் அலைந்தார்கள். தலைவர் நாற்காலியின் வேலை அந்தக் குடத்தை நிரப்புவது என்று அவர் எடுத்துக்கொண்டார். தொலைவிலிருந்த வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் நகருக்கு வந்தது. ஊர் அவரைத் ‘தூத்துக்குடியின் தந்தை’ என்று இன்றும் அழைக்கிறது.

வல்லநாட்டைக் கடந்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வழியாக ஓடி, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறதே, அந்த ஆறுதான் இது. குழாய் வந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)