விருது வாங்கிய ஆட்டோக்காரர்

சினிமாவில் ஒரு தடவை நடித்துவிட்டால் போதும், அப்புறம் காரு, பங்களாதான் என்று நம் வகுப்பில் நிறைய பேர் நினைக்கிறோம். ஷஃபீக் சையத் கதையைக் கேளுங்கள்.

இவர் பெங்களூர்க்காரர். சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் பம்பாய்த் தெருவில் வாழ்ந்தார். மீரா நாயர் என்ற பெண் டைரக்டர், தெருப் பிள்ளைகளையே நடிக்க வைத்து ‘சலாம் பாம்பே’ என்ற இந்திப் படம் எடுத்தார். 1988-ல் வந்தது. அதில் டீ கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக ஷஃபீக் நடித்தார். சிறந்த குழந்தை நட்சத்திரம் என்று தேசிய விருது கிடைத்தது. படம் ஆஸ்கர் போட்டி வரைக்கும் போனது.

அப்புறம் பெரிய வாய்ப்பு வரவில்லை. ஊருக்குத் திரும்பி ஆட்டோ ஓட்டினார்.

ஆட்டோ ஓட்டுறது கேவலமே இல்லை. எங்க அப்பாவும் ஆட்டோதான் ஓட்டுறார். ஆனா அன்னைக்குக் கைதட்டினவங்க எல்லாம் அப்புறம் எங்கே போனாங்க?