சார்ஜருக்குள் இருக்க வேண்டிய இடைவெளி

"சார்ஜில போட்ட போன கையில எடுத்தா சுர்ரெண்டு இழுக்குது மகன்" என்று சொல்லிக்கொண்டு மாமி சார்ஜரையே கழற்றிக் கொண்டுவந்து தந்தார். நடைபாதையில் மலிவாக வாங்கியதாம். கையில் வாங்கியதுமே எனக்குச் சந்தேகம்: தீப்பெட்டி போல அவ்வளவு பாரமில்லாமல் இருந்தது.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். சார்ஜர் அதை முதலில் நேரோட்டமாக்கும். அப்போது உள்ளே ஏறத்தாழ 325 வோல்ற்று நிற்கும். 230இன் உச்சம் அதுதான். போனுக்கு வேண்டியதோ 5. பலர் தவறவிடும் இடம் இது: 325ஐ 5 ஆக்குவது ஒரு வேலை, அந்த 5ஐ 325இலிருந்து பிரித்து வைப்பது வேறொரு வேலை. முதலாவதை மட்டும் செய்தாலும் போன் சார்ஜ் ஏறும். ஆனால் அதன் கம்பி ஒன்று வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். இரு கம்பிகளுக்கும் இடையில் 5தான். கம்பிக்கும் நாம் வெறுங்காலோடு நிற்கும் ஈரச் சீமெந்துத் தரைக்கும் இடையில் 230 வரலாம். மலிவான எல்.ஈ.டி. பல்புகள் பல இப்படித்தான் செய்யப்படுகின்றன. பல்பின் உள்ளே யாரும் கை வைப்பதில்லை. போன் அப்படியா?

பிரிக்கும் வேலையைச் செய்வது நிலைமாற்றி. ஒன்றையொன்று தொடாத இரு சுருள்கள். சக்தி காந்தப்புலத்தின் வழியாக மட்டும் கடக்கும். செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை மின்னை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் பெருவிரல் நுனியளவு நிலைமாற்றியே போதும். (பழைய ரேடியோ அடப்டர்கள் கல்லுப் போலப் பாரமாக இருந்தது 50 ஹேர்ட்ஸில் வேலை செய்ததால்.) வெளியே 5 சரியாக நிற்கிறதா என்று உட்பக்கத்துக்குச் சொல்லவும் வேண்டும். அதற்குக் கம்பி போட்டால் பிரித்த பயனில்லை. அதனால் ஒளியால் சொல்வார்கள்: நான்கு கால் கொண்ட கறுப்புத் துண்டுக்குள் ஒரு சிறு விளக்கு, எதிரே ஓர் ஒளியுணரி.

அப்படியானால் 'சுர்' எங்கிருந்து? மின் இரைச்சலைக் குறைக்க இரு பக்கத்துக்கும் குறுக்கே வேண்டுமென்றே ஒரு சின்னக் கொள்ளளவியை வைப்பார்கள். அதன் வழியே கசிவது ஒரு மில்லிஅம்பியரில் சிறு பங்கு, ஆபத்தில்லை. ஆனால் அது இதற்கென்றே செய்த 'வை' வகையாக இருக்க வேண்டும். பழுதானாலும் குறுக்காகிவிடாதபடி அமைத்தது அது. சாதாரணக் கொள்ளளவி குறுக்கானால், நடுவில் பிரிப்பே இல்லை.

மாமியின் சார்ஜரைத் திறந்தேன். நல்ல சார்ஜரின் பலகையில் இரு பக்கத்துக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீற்றர் வெறும் இடைவெளி விடுவார்கள். நடுவில் வெட்டியும் விடுவார்கள். இதில் ஈயப்பொட்டு ஒன்று மறுபக்கத்தை ஒரு மில்லிமீற்றருக்குள் நெருங்கி நின்றது. கொள்ளளவியில் வகைக் குறியே இல்லை. வயரை வெட்டினேன், குப்பையிலிருந்து யாரும் எடுத்துப் பாவிக்கக் கூடாதென்று.

"நல்லாத்தானே சார்ஜ் ஏறிச்சு, ஏன் வெட்டின?" என்றார் மாமி. ஈயப்பொட்டைக் காட்டி விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ராத்தாட சின்னவன் இந்த வயர்ட நுனியத்தானே மகன் வாயில வெச்சிக் கடிச்சிக்கிட்டு இருப்பான்..."