அத்தைக்கு என்ன நோய்?

நடவும் களையெடுப்பும் பிழைப்பாயிருந்த தஞ்சைப் பெண், அன்றெல்லாம் பிரசவத்துக்குத் தவிரப் பெண் மருத்துவரிடம் போனது அபூர்வம். மார்பில் கட்டி வந்து ஒருத்தி செத்துப்போனால் 'நோவு கண்டு போயிட்டா' என்பதோடு பேச்சு முடியும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் அந்தப் பேச்சும் கிடையாது.

2007 வாக்கில் இந்த மௌனம் கொஞ்சம் அசைந்தது. தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியது இரண்டே மாவட்டங்களில்: தேனி, தஞ்சாவூர். வேறு எதற்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த 30 முதல் 60 வயதுப் பெண்களுக்கும் நர்ஸே அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார். வெட்கப்பட்டு வரமாட்டார்கள் என்றவர்கள் வாயடைத்துப்போனார்கள். 2012இல் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது.

கருப்பைவாய்ப் புற்று வைரஸால் வருவது. ஆனால் மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை பரம்பரையாக வருபவை. சினைப்பையில் இன்னும் அதிகம். 1994, 95இல் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ 1, 2 மரபணுக்களில் பழுது இருந்தால் அது பிள்ளைக்குப் போக ஐம்பது சதவீத வாய்ப்பு. தென்னிந்தியப் பெண்களிடம் இதை ஆராய்ந்து அடையாறு புற்றுநோய் நிறுவனத்தார் 2003இலேயே கட்டுரை வெளியிட்டார்கள். இன்று சோதனைக்குக் கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ போதும்.

ஆனால் சோதனைக்கு முன்னால் கேள்வி வரவேண்டும். 'அம்மாவுக்கு இருந்ததா?' என்பதோடு நிறுத்தினால் பாதிக் குடும்பம் விட்டுப்போகும். அப்பாவும் இந்தப் பழுதைக் கடத்துவார். ஆகவே அத்தையையும் அப்பாயியையும் கேட்கவேண்டும். அக்கா மகளைக் கட்டும் நம் ஊரில் கணவன் மனைவி இருவரிடமும் ஒரே பழுது இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு ஃபான்கோனி ரத்தசோகை எனும் அரிய நோய் வர இடமுண்டு. 'கர்ப்பப்பையை எடுத்தாச்சு, இனி பயமில்லை' என்பதும் சரியில்லை, சினைப்பை உள்ளேயே இருக்கலாம்.

எல்லோருக்கும் சோதனை செய்துவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூடுமானவரை நோய் வந்தவருக்கே முதலில் செய்யவேண்டும். முடிவை விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் தாளை மட்டும் கையில் கொடுப்பது கொடுமை. கேள்வி கேட்கக் காசு வேண்டாம். வெள்ளைப்படுதலுக்கு வந்தவரிடமும் அதைக் கேட்கலாம்.

மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யாருக்கு, எந்த வயதில், எங்கே கட்டி வந்தது என்று.